அளவெட்டியில் எனக்கொரு கிணறு

இன்னும் பிறக்காத என் பிள்ளைக்கு,

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பதினெட்டு வயது. பதின்மூன்றாம் வகுப்பில் படிக்கிறேன். இது எண்பத்தேழாம் ஆண்டு, ஐப்பசி மாதம். ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில், குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு, இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். வெளிச்சம் வெளியே போகாமல் கதவின் கீழே துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். தங்கச்சியும் நானும் ஒரே அறையில் படுக்கிறோம், அங்கே எழுத முடியாது. அப்பா நித்திரை. அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் பின்னேர வேலை முடித்து இன்னும் வரவில்லை. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார். அவர் வந்தால் நான் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அப்பா அண்ணனுக்கு எழுதுவதைப் பார்த்துத்தான். அண்ணன் ஜேர்மனியில் இருக்கிறான். மாதத்தில் ஒருநாள் அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவனுக்கு எழுதுவார். தபாலில் போடுவது என் வேலை. ஒருமுறை உறை சரியாக ஒட்டவில்லை, எடுத்து வாசித்துவிட்டேன். ஆறு பக்கம். குளிருக்குக் காதை மூடிக்கொள், கடன் வாங்காதே, தலைக்கு எண்ணெய் வை என்று நிறையப் புத்திமதி. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: 'உன்னை அடித்த அன்று நீ சாப்பிடாமல் படுத்தாய், நானும் சாப்பிடவில்லை, அது உனக்குத் தெரியாது.' அப்பா வாயால் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. கடிதத்தில் சொல்ல வருகிறது போல. எனக்கும் சொல்ல ஒரு பிழை இருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஏசக்கூடியவர்கள். நீ ஒருவர்தான் இன்னும் வரவில்லை. நீ இதை வாசிக்கும்போது வளர்ந்திருப்பாய், எங்கேயோ போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். நான் இதையெல்லாம் மறந்துபோய்க் குறுக்கே நின்று ஏதாவது சொல்வேன். அப்போது இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வை.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பல்கலைக்கழகக் கண்காட்சி நடந்தது. வருடத்தில் ஒரு மாலை, உடற்பயிற்சி மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் நிறத்தில் கடதாசி விரிப்பார்கள். மேசைக்குப் பின்னால் அங்கே முன்பு படித்தவர்கள் நிற்பார்கள். சம்பளம் இல்லை. தங்கள் வேலை முடிந்து, சாப்பிடாமல்கூட வந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு கதைப்பார்கள். சட்டையில் ஒட்டிய துண்டில் பெயரும் படித்து முடித்த வருடமும் இருக்கும். ஒரு கிழவர் கோடுபோட்ட மப்ளர் கட்டிக்கொண்டு, அதுதான் தன் வாழ்க்கையின் மிக நல்ல காலம் என்று வந்த எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொன்னார். பேனையும் கொடுத்தார். அவர் மேசைக்கு முன்னால் பெரிய வரிசை.

நான் தேடிப்போன மேசையில் வரிசையே இல்லை. அது கிழக்கே, ரயிலில் மூன்று மணிநேரம் போகவேண்டிய ஒரு பட்டினத்துப் பல்கலைக்கழகம். அங்கே மண்ணியல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று புவியியல் ஆசிரியர் சொல்லியிருந்தார். எனக்குக் கற்கள் மேல் ஆசை. நெடுஞ்சாலை ஓரத்தில் பாறையை வெட்டிய இடங்களில் நிறம் நிறமாக வரிகள் தெரியும், காரில் போகும்போது அவற்றை எண்ணிக்கொண்டு வருவேன். வீட்டில் இதை ஒருமுறை சொன்னதற்கு அப்பா, “கல்லப் படிக்கவா இவ்வளவு தூரம் வந்த நாம?” என்றார். அதற்குப் பிறகு சொல்லவில்லை. வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய இடத்தில் ஏதாவது படிப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

மேசைக்குப் பின்னால் நின்றவர் ஒரு தமிழ் அன்ரி. சாம்பல் நிறக் கோட், சிறிய பொட்டு. துண்டில் பத்மா என்று இருந்தது, வருடம் எழுபத்துநான்கு. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் தாயும் நின்றார்கள். விடுதிச் சாப்பாடு எப்படி என்று தாய் கேட்டார். மோசம், நான் முதல் வருடம் சோற்றுக்காக அழுதேன் என்று அன்ரி ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே மப்ளர்க் கிழவரிடம் போய்விட்டார்கள். வரிசை ஏன் இல்லை என்று எனக்கு விளங்கியது.

பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதும் அட்டையை நீட்டினார். யோசிக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதிவிட்டேன். அவர் என் பெயரை வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“தமிழோ? எந்த ஊர் பிள்ளை?”

என் பிள்ளை, உண்மையில் எங்கள் ஊர் ஆரையம்பதி. மட்டக்களப்புக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. இந்த நகரத்தில் மட்டக்களப்பார் குறைவு. இன்னாரின் மகள் இன்ன இடத்தில் நின்றாள் என்றால் அன்று இரவே அப்பாவுக்குச் செய்தி வந்துவிடும். யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர். அந்தக் கூட்டத்துக்குள் போனால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். இது முதற் காரணம். உனக்கு இரண்டாவதையும் சொல்லவேண்டும். என் வகுப்பில் படிக்கும் யாழ்ப்பாணத்துச் சுமதி, நான் எங்கள் ஊர்ப் பேச்சில் ‘என்ன கா’ என்று சொன்னால் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். “உங்கடை அம்மாக்கு மந்திரம் தெரியுமாம் எல்லே? வீட்டை வந்தால் பாயோடை ஒட்ட வைச்சிடுவாவாம்” என்று பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். மட்டக்களப்பாரைப் பற்றி அவர்கள் சொல்லும் பழைய பகிடி அது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து வெளியில் நான் சுமதியைப்போலக் கதைக்கப் பழகினேன். அதனால் அன்ரி கேட்டதும் வாயில் சுமதியின் ஊர்தான் வந்தது.

“அளவெட்டி” என்றேன்.

அன்ரி கையில் இருந்த துண்டுப்பிரசுரங்களைக் கீழே வைத்துவிட்டார். “அளவெட்டியோ? நானும் அளவெட்டிதான். எவடம்?”

“கோயிலடி.”

“எந்தக் கோயிலடி?”

“பிள்ளையார்.” எந்த ஊரிலும் ஒரு பிள்ளையார் இருப்பார் என்ற துணிவில் சொன்னேன்.

“பிள்ளையாருக்கு மேற்கையோ கிழக்கையோ?”

ஊரை மாற்றிச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேனே, அதுதான் என் மடத்தனம். நம் ஆட்களிடம் ஊர்ப் பெயர் சொன்னால் கேள்வி அப்போதுதான் தொடங்கும். மேற்கே என்றேன். யாருடைய வீடு என்றார். சின்ன வயதில் வெளிக்கிட்டதால் நினைவில்லை, ஒரு கிணறு மட்டும் நினைவிருக்கிறது என்றேன். பிறகு அந்தக் கிணற்றை நானே வெட்டினேன் என்றுதான் சொல்லவேண்டும். தண்ணீர் அள்ளத் துலா இருக்கும், பக்கத்தில் ஒரு மாமரம், பூ விழுந்து தண்ணீரில் மிதக்கும், வாளியால் அதை விலக்கிவிட்டுத்தான் அள்ளவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஓம், பூவை விலக்கித்தான் அள்ளுறது” என்றார். அவருக்குப் பின்னால் மப்ளர்க் கிழவர் பேனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் ஒரு மணிநேரம் என்னோடு இருந்தார். மண்ணியலில் என்னென்ன படிக்கவேண்டும், எந்தப் பேராசிரியர் நல்லவர், எந்த விடுதியில் சமையலறை உண்டு என்று எல்லாம் எழுதி, தன் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். தான் இப்போது அரசாங்க ஆய்வுகூடத்தில் குடிதண்ணீரைச் சோதிப்பதாகச் சொன்னார். பெற்றோரின் கையெழுத்து வேண்டும், அப்பா விடமாட்டார் என்று சொன்னேன். கல் மேல் ஆசை என்றதைத் தவிர, அது மட்டும்தான் அன்று நான் வாயால் சொன்ன உண்மை.

வியாழக்கிழமை அன்ரி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா எடுத்தார். அப்பா ஊரில் கந்தோரில் மேசை வேலை செய்தவர், இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டுதான் கதைத்தார். வைத்துவிட்டு எங்களிடம் வந்தபோது முகத்தில் நான் வெகுகாலம் காணாத ஒரு சந்தோசம்.

“ஒரு அம்மா ஞாயிற்றுக்கிழமை நம்மட வீட்ட வாறாவாம். மகளிட படிப்பப் பத்திக் கதைக்க. நம்மட ஊராம் கா” என்று அம்மாவிடம் சொன்னார். “எங்கட ஊர்ப் பிள்ளை எண்டுதான் சொன்னா. ஆரையம்பதியில ஆரிட மகள் எண்டு கேக்க மறந்திட்டன்.”

அன்ரி அளவெட்டி ஆட்களைப் பார்க்க வருகிறார். அப்பா ஆரையம்பதி ஆளுக்காகக் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் தன் நல்ல சேர்ட்டைத் தானே இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினார். இன்று தமிழ்க் கடைவரை போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாகச் சொல்லவில்லை.

பிள்ளை, அப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதே. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது அவர் கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தார். பதினொரு நாள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது, எங்களுக்கு என்ன ஆனது என்று அவருக்கும் தெரியாது. திரும்பி வந்தபோது காலில் செருப்பு இல்லை. அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அன்று முதல் படுக்கப் போகமுன் வாசலில் இருக்கும் செருப்புகளை எண்ணுவார். இங்கே வந்து அது சப்பாத்தாகிவிட்டது. அவருடையது, அம்மாவுடையது, என்னுடையது, தங்கச்சியுடையது. அம்மா பிந்தி வரும் நாட்களில் கதவு திறக்கும் சத்தத்துக்கு எழுந்து வந்து எண்ணிவிட்டுப் போய்ப் படுப்பார். நாலு சோடி இருந்தால்தான் நித்திரை வரும். அண்ணன் போனபிறகு ஐந்து நாலானதற்கே அவருக்கு வெகுநாள் எடுத்தது. மூன்று மணிநேர ரயில் தூரம் என்று நான் எப்படிக் கேட்பேன், சொல்.

கதவு திறக்கிறது. அம்மா வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

இது ஞாயிறு இரவு. அதே தொட்டி விளிம்பு, அதே துவாய். நேற்று துவாய் உதவவில்லை. லைற் போட்டால் காற்றாடியும் சேர்ந்து சுற்றும், அந்தச் சத்தத்தை நான் யோசிக்கவில்லை. அம்மா கதவைத் தட்டினார்.

“ஆரு உள்ளுக்க? வயித்துக்குள்ள ஏதும் செய்யுதா புள்ள?”

திறந்தேன். அம்மா சமையலறைத் தொப்பியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தொட்டி விளிம்பில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றையும் சொன்னேன். பஸ்ஸில் சுமதி கேட்டதையும், நான் சிரித்ததையும் சொன்னேன். அம்மா குனிந்து, கழற்ற மறந்த சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

“நான் பேசிறது உனக்கு வெக்கமா மனே?”

நான் அழுதேன். அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “வேலையில யாழ்ப்பாணத்துப் புள்ளைகள் ரெண்டு இருக்கு. முதல் கிழமை நானும் அவையப்போலதான் பேசிப் பாத்தன். நாக்குப் புரளல்ல. அதுகள் விழுந்து விழுந்து சிரிச்சிதுகள். பொறகு விட்டிட்டன்.” கொஞ்சம் பொறுத்து, “மாமரம் வேற நட்டியா?” என்றார்.

“ஓம்.”

“நம்மட வளவுல பூவரசுதான் நிண்டது. அதச் சொல்லியிருக்கலாமே.” எழுந்தார். “அப்பாக்கு நான் சொல்றன். அந்த மனிசிக்கு நீதான் சொல்லணும். அவ வந்து கதவத் தட்ட முதல் சொல்லணும்.”

காலையில் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கத்தைச் சுற்றும்போது விரல் இரண்டு தரம் வழுக்கியது. எங்கள் ஊர் அளவெட்டி இல்லை, ஆரையம்பதி என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“அப்ப அந்தக் கிணறு?”

“அது பொய் அன்ரி.”

“மாம்பூ?”

“அதும்தான்.”

“உன்ரை கிணத்தை நினைச்சு நான் அண்டிரவு கொழும்பிலை இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்து அழுதனான், தெரியுமோ? அவளும் அழுதவள்.” குரலில் கோபம் இருந்தது, அதை உனக்கு மறைக்கமாட்டேன். “நான் உனக்கு ஒரு மணித்தியாலம் ஒரு பொய்யும் சொல்லேல்லை பிள்ளை. சோறு கிடையாது எண்டதையும் சொன்னனான்.”

“ஓம் அன்ரி.”

“கல்லுப் படிக்க ஆசையெண்டது?”

“அது உண்மை.”

“அப்ப மூண்டு மணிக்கு வாறன். வாறன் எண்டு உன்ரை அப்பாட்டைச் சொன்னனான் எல்லே.”

வந்தார். அப்பாவுக்கு அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார். அவர் என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, ஆனால் மினுக்கிய சேர்ட்டைப் போட்டிருந்தார். அன்ரி உள்ளே வந்து எங்கே இருப்பது என்று பார்த்தார். பிறகு அன்ரியே தொடங்கினார். “மட்டக்களப்பார் வீட்டை போனால் பாயோடை ஒட்ட வைச்சிடுவினம் எண்டு எங்கடை பக்கத்திலை சொல்லுறவை.”

பஸ்ஸில் சுமதி சொன்ன அதே பகிடி. அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். “இஞ்ச பாய் இல்ல கா. கார்ப்பெட்தான். பயப்படாம இரிங்க” என்றார். அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். அம்மா மாற்றிக் கதைக்கவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நான் தலைகுனிந்து பிஸ்கட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி என் காதுக்குள், “அம்மா இஸ் சோ ஃபன்னி” என்றாள்.

அப்பா அன்ரியிடம் நேரே விசயத்துக்கு வந்தார். “கல்லுப் படிச்சு என்ன வேலை கிடைக்கும் தங்கச்சி?”

“இந்தத் தேத்தண்ணியிலை உள்ள தண்ணியை நான்தான் அண்ணை சோதிக்கிறன். அது கல்லுக்குள்ளாலை வாற தண்ணி.”

அப்பா கோப்பையைப் பார்த்தார். “இவள் தனிய இருந்து பழக்கமில்லாத புள்ள. ராவில பயப்படுவாள்.”

“பயப்பிடுவாள்தான். நானும் பயந்தனான். முதல் வருசம் முழுக்க வெளிச்சத்திலை, லைற் நூக்காமல்தான் படுத்தனான்.”

இப்படியா எனக்காகக் கதைக்க வந்தார் என்று அம்மாவைப் பார்த்தேன். அப்பா அடுத்ததைக் கேட்டார். “உங்கட அப்பா உங்கள விரும்பி விட்டவரா?”

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். “இல்லை அண்ணை. புலமைப்பரிசில் கிடைச்சு வந்தனான். எயார்ப்போட்டுக்கு அவர் வரேல்லை. கடிதமும் போடேல்லை. நான் வந்து மூண்டு வருசத்தாலை செத்துப்போனார். நான் பிறகு காணேல்லை.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மப்ளர்க் கிழவராக இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். அப்பா, “எயார்ப்போட்டுக்கு வந்திரிக்கலாம்” என்றார், செத்துப்போன அந்த மனிதர் பக்கத்து அறையில் இருப்பதுபோல மெதுவாக. அதற்குப்பிறகு படிப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அன்ரி முருங்கைக்காய்க் கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது விண்ணப்பப் பத்திரத்தை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டவில்லை. என் தலையில் லேசாகக் குட்டி, “உந்தக் கிணத்தை மூடிப்போடு” என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை, அப்பாவைப்போல ஆறு பக்கம் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது. ஒன்றே ஒன்று. உன்னை எந்த ஊர் என்று யாராவது கேட்டால் ஆரையம்பதி என்று சொல். நீ அதைக் கண்டிருக்கமாட்டாய். பூவரசு நின்ற வளவு என்று சொல். அதற்கு மேல் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது பொய் சொல்வதைவிட எவ்வளவோ சுகம். இன்று அதை ஒரு முழுப் பகலும் அனுபவித்தேன். நீ கதைக்கும்போது உன் நாக்கில் அம்மாவின் சொல் ஏதாவது வந்தால், அதை விழுங்கிவிடாதே.

சற்றுமுன் நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன். அப்பா எழுந்து வாசலுக்கு வரும் சத்தம் கேட்டது. லைற்றை நூத்துவிட்டுக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தேன். வழக்கம்போலக் குனிந்து எண்ணினார். நாலும் இருந்தது. போய்ப் படுப்பார் என்று நினைத்தேன், போகவில்லை. என் சப்பாத்து இரண்டையும் எடுத்தார். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கோட் அலுமாரியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். திரும்பி வந்து, மறுபடியும் முதலில் இருந்து எண்ணினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. அதோடு நிறுத்தி, அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்திரத்தில் இன்னும் கையெழுத்து இல்லை. கதவிடுக்கால் வரும் வாசல் வெளிச்சத்தில் நான் உனக்கு இதை எழுதி முடிக்கும் இந்த நேரமும் அவர் அங்கேதான் நிற்கிறார், மூன்றுக்குப் பழகிப் பார்த்துக்கொண்டு.

உன் அம்மா